பெட்ரோல் பங்கில் நான் ஓடிய ஓட்டம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். அமாவாசையும் பௌர்ணமியும் இடம் மாறாமல் காலண்டர் வெளியே போக வேண்டும், அதுதான் வேலை. கண் வலி வந்து அதை விட்டபோது, தூரத்துச் சொந்தமான முதலாளி என்னைப் பங்குக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

வந்த முதல் வாரத்திலேயே என் கண்ணை உறுத்தியது அங்கே இருந்த எச்சரிக்கைப் பலகை. வெயிலில் வெளுத்து 'செல்போன் பே' வரைக்கும்தான் மிச்சம் இருந்தது. எழுத்து குறையாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பழைய அச்சகத்திலேயே சொல்லிப் புதுப் பலகை செய்யச் சொன்னேன். 'பங்கினுள் செல்போன் பயன்படுத்தாதீர்கள்' என்ற வாசகம், கீழே ஒரு செல்போன், அதிலிருந்து தீப்பிடிக்கிற மாதிரி ஒரு படம். வாசகத்தை மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். படத்தைப் பார்க்கவில்லை. அதை வரைந்தவர் முப்பது வருஷமாகப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவர். அவருக்குத் தீ என்றால் அழகுதான். செல்போனிலிருந்து ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையுமாகப் பூ கொட்டியது. அச்சு அசல் புஸ்வாணம்.

தீபாவளிக்கு முன்னால் வெளிமாநில வண்டிகள் வந்து பலகைக்கு நேராக நின்று, பட்டாசு விலைப்பட்டியல் கேட்டன. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நான் சரக்கை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன் என்றே நம்பியது. கடைசியில் ஆயில் மாற்றுகிற அறையைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம், ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற அட்டையைக் கொண்டு வந்தார்கள். மாட்டிவிட்டுப் போனவர் இடம் பார்த்ததெல்லாம் இல்லை. என் பலகைக்கு நேர் கீழே நல்ல உயரமாக ஓர் ஆணி இருந்தது, அதில் மாட்டிவிட்டார். மேலே செல்போன் பயன்படுத்தாதீர்கள், கீழே செல்போனை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என்னிடம் வந்து எதைக் கேட்பது என்று விசாரித்தார்கள். பேசினால்தான் ஆபத்து, படம் பிடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பேசும்போது அலை வெளியே போகும், ஸ்கேன் பண்ணும்போது உள்ளே வரும் என்றுகூட ஒரு கல்லூரி வாத்தியாரிடம் சொன்னேன். அவர் பணத்தைச் சில்லறையாகவே கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் பங்குக்குத் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் ஒரு பட்டாசு ஆலையின் வேன் டீசல் போட வரும். ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்குப் போகிற பெண்கள், பதினாலு பேர். அவர்களில் ஓர் அக்காதான் மேலாள். அக்கா என்பது நான் கூப்பிடுவது. என்னைவிட இரண்டு வயது கூடவோ குறையவோ இருப்பார். அவர் என்னை அண்ணாச்சி என்பார். மாற்றி மாற்றி ஒருவருக்கொருவர் வயதைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அவருடைய அம்மா அப்பா காட்டு வேலை செய்தவர்கள். இவர் பதினெட்டு வயதில் ஆலைக்குள் போய், இப்போது ஒரு பகுதிக்கே சூப்பர்வைசர்.

வேன் நின்றதும் அக்கா எல்லாரையும் இறக்கி, ஓரத்தில் காற்றடிக்கிற மிஷின் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். டீசலுக்கு இறங்க வேண்டியதில்லை என்று சொன்னேன். இருக்கட்டும் என்றார். வேனை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவரும் பக்கத்து இரும்புக் கம்பத்தை ஒரு தடவை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். கும்பிடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். கேட்டபோது, ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன்னால் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும், அந்தப் பழக்கம்தான் என்றார். நைலான் சேலை கட்டினால்கூட உள்ளே விட மாட்டார்களாம். உங்கள் ஆட்களும் பெட்ரோல் போடுமுன் எதையாவது தொட்டுவிட்டுப் போடலாம் அல்லவா என்று வேறு கேட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பங்கில் தீ என்றால் அது செல்போனிலிருந்துதான் வரும், அதற்குத்தான் பலகையே வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அக்கா பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"போனுல தீ வந்து நான் பார்த்ததில்லைண்ணாச்சி. ஆனா போன் பேசுறவகளுக்குக் கையும் காலும் என்ன செய்யுதுன்னே தெரியாது. அதைப் பார்த்திருக்கேன்."

அதோடு விடவில்லை. தீயணைக்கிற மணல் வாளிகள் நான்கு வரிசையாக மாட்டியிருந்தன. ஒன்றை இறக்கித் தரையில் கவிழ்த்தார். மணல் விழவில்லை. மழையில் நனைந்து இறுகி, வாளி வடிவத்திலேயே கட்டியாக வந்து நின்றது. அதற்குள்ளே டீக் கப்புகள், வெற்றிலை எச்சில், நான்கு பீடித் துண்டுகள். நான் பீடித் துண்டுகளைப் பார்க்காத மாதிரி இருந்தேன். மறு வியாழக்கிழமைக்குள் மணலைச் சலித்து மாற்றிவிட்டேன். தீக்குப் பயந்து அல்ல, அக்கா திரும்ப வந்து கவிழ்த்துவிடுவாரே என்றுதான்.

அதற்கப்புறம் மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை வேன் வந்து நின்றது, பெண்கள் இறங்கிக் காற்று மிஷின் பக்கம் போய் நின்றார்கள். அப்போது ஒரு பழைய மொபெட்டில், விருதுநகர் வத்தல் குடோனில் வேலை பார்க்கிற ஒரு கணக்கர் வந்தார். பின்னால் அரை மூட்டை மிளகாய் வத்தல். போன் காதோரமாக ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்தது. பேசிக்கொண்டே வந்தார். பக்கத்தில் போய், போனை அணைக்கச் சொன்னேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கையில் போன் இல்லையே என்று அர்த்தம். அந்த நியாயத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பம்பில் நிற்கிற பெண் அவருக்குப் பெட்ரோல் போட ஆரம்பித்துவிட்டாள்.

போனில் யாரோ லோடு கிளம்பப் போகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தா வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே மனிதர் வண்டியை ஸ்டார்ட் செய்து நகர்த்திவிட்டார். பெட்ரோல் குழாய் இன்னும் டேங்குக்குள் இருந்தது. அது பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, இருந்த பெட்ரோலைச் சூடான சைலன்சர் மேல் கொட்டியது. குப்பென்று முழங்கால் உயரத்துக்குத் தீ.

எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மதுரையில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சிலிண்டரை எடு, ஊசியைப் பிடுங்கு, தீயின் அடியில் அடி. எல்லாம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டையில் ஒரே ஒரு வாசகம்தான் இருந்தது. நானே மூன்று தடவை பிழை பார்த்த வாசகம்.

"செல்போனை ஆஃப் பண்ணுங்க, எல்லாரும் செல்போனை ஆஃப் பண்ணுங்க."

இதைக் கத்திக்கொண்டே ஓடினேன். தீயைப் பார்த்து இல்லை, சாலையைப் பார்த்து. காற்று மிஷினைத் தாண்டி, வடைக்கடையைத் தாண்டி, சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் இருந்த மைல்கல் வரைக்கும் ஓடினேன். போகிற வழியில் என் போனையும் எடுத்து அணைத்துவிட்டேன். வடைக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் நான் சொன்னதை மதித்துத் தன் போனை அணைத்தார். அவருக்கு எதற்கு என்று அப்போது தெரியாது.

மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. பம்பு பெண் அவசர சுவிட்சை அடித்து எல்லா பம்பையும் நிறுத்தியிருந்தாள். கணக்கரை யாரோ இழுத்து அப்பால் தள்ளியிருந்தார்கள். ஆலைப் பெண்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மணலை வீசவில்லை. கோலப்பொடி மாதிரி நிதானமாகத் தீயின் ஓரத்திலிருந்து உள்ளே தூவிக்கொண்டு போனார். அதற்குள் பம்பு பெண் சிலிண்டரைத் தூக்கி வந்து ஊசியைப் பிடுங்கிவிட்டாள். அவள் அதை முன்னே பின்னே அடித்ததில்லை. முதல் வீச்சு தீயின் மேலும், இரண்டாவது முழுக்கக் கணக்கர் மேலும் போயிற்று.

தீ அணைந்துவிட்டது. ஆனால் மிளகாய் மூட்டையின் ஒரு மூலை கருகிவிட்டது. அதன் புகை பரவியதும் பங்கில் இருந்த அத்தனை பேரும் இருமவும் தும்மவும் கண்ணீர் விடவும் ஆரம்பித்தார்கள். காரில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே தும்மினார்கள். நான் சாலையைக் கடந்து திரும்பி வந்தபோது, பெரிய காரியம் நடந்த வீடு மாதிரி எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

கணக்கர் தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளையாக நின்றார். ஒரு காயம் இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து 'கேக்குதா, கேக்குதா' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அக்கா போய் அவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி, போனை உருவித் தன் காதில் வைத்தார். அவுக நல்லாத்தான் இருக்காக, கொஞ்சம் கழிச்சுப் பேசுவாக என்று சொல்லிவிட்டு, அணைத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டார். பங்குக்குள் போன் பேசக் கூடாது என்று சொல்வதற்கு நான் வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, தும்மல் வந்தது.

வரிசையில் நின்ற ஒரு வண்டிக்காரர் இத்தனையையும் வீடியோ எடுத்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. யாரோ புண்ணியவான் நான் ஓடுகிற இடத்தை மட்டும் மெதுவாக ஓட விட்டு, மேளச் சத்தம் சேர்த்திருந்தார். காரியாபட்டியிலிருந்து மாமியார் பேசினார். மாப்பிள்ளைக்குக் கால் வலி எதுவும் இல்லையே என்று விசாரித்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு வீடியோவை ஓட விட்டாள். அவள் சிரிக்கவில்லை. நம் வீடு எந்தத் திசை என்று மட்டும் கேட்டாள். வீடு இருப்பது விருதுநகர்ப் பக்கம். நான் ஓடியது சிவகாசிப் பக்கம்.

முதலாளி மறுநாள் கூப்பிட்டார். ஓடியதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு ஏன் போன் செய்யவில்லை, நேற்று ஒரு மணி நேரம் உன் போன் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார். அணைத்து வைத்திருந்தேன் என்றேன். எதற்கு என்றார். தீப்பிடித்ததால் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை வேன் வந்தது. அக்கா முகத்தில் தெளிவு இல்லை. என்னவென்று கேட்டேன். வியாழக்கிழமை ஆலைக்கு லேட்டாகப் போனதால் பதினாலு பேருக்கும் அரை நாள் வெட்டிவிட்டார்களாம். பெட்ரோல் பங்கில் தீப்பிடித்தது, நாங்கள்தான் அணைத்தோம் என்று சொன்னதற்கு, ஆலை மேனேஜர் இத்தனை வருஷத்தில் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன், இது புதுசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அவர் மதுரைக்காரர், தினமும் வந்து போகிறவர், வாட்ஸப் பார்க்கிற ஆள் இல்லையாம்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். மூன்று தடவை திருத்தி எழுதி, முதலாளியின் முத்திரை வைத்துக் கொடுத்தனுப்பினேன். வியாழக்கிழமை பதில் வந்தது. கடிதத்தில் தமிழ் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம்.

"அந்த வீடியோ உங்ககிட்ட இருக்காமே அண்ணாச்சி. அதை வந்து காட்டுங்களேன்" என்றார் அக்கா.

இருக்கிறது என்றேன். சாயங்காலம் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மத்தியானம் பூராவும் நான் ஓடுகிற ஆறு விநாடியை மட்டும் எப்படி வெட்டி எடுப்பது என்று பார்த்தேன். எனக்குப் பிழை திருத்தத்தான் தெரியும். வீடியோ வெட்டத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், எதற்கு என்று கேட்பார்கள்.

ஆலை, ஊரைவிட்டுத் தள்ளிக் கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. கேட்டில் காவலாளி ஒரு மரப்பெட்டியை நீட்டினார். தீப்பெட்டி, பீடி, லைட்டர், செல்போன் எல்லாம் அதில் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்றார். நான் உள்ளே போவதே செல்போனைக் காட்டத்தான் என்று சொன்னேன். செல்போன் உள்ளே போகாது என்றார். அப்படியானால் நான் மட்டும் உள்ளே போய் என்ன செய்வது என்றேன். அது அவர் கவலை இல்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இந்த மாதிரி ஒரு காவலாளி எங்கள் பங்குக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசைகூட வந்தது.

கடைசியில் மேனேஜரே வெளியே வந்தார். கேட்டுக்கு வெளியேயும் போனைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, சாலையோரம் இருந்த ஒரு வேப்பமரம் வரைக்கும் என்னை நடக்க வைத்தார். அங்கே நின்று வீடியோவைப் போட்டேன். முதல் ஆறு விநாடி வரும்போது என் கட்டைவிரலை அந்தப் பக்கமாக வைத்து மறைத்துப் பார்த்தேன். விரலை எடுங்க என்றார்.

பார்த்தார். முழுக்கப் பார்த்துவிட்டு முதலிலிருந்து போடச் சொன்னார். இந்தத் தடவை ஆறு விநாடியில் நிறுத்தச் சொன்னார்.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"என்ன சொல்லிக்கிட்டு ஓடுறீக?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பிறகு ஆபீசிலிருந்து ஒருவரையும் ஸ்டோரிலிருந்து ஒருவரையும் கூப்பிட்டனுப்பினார். அவர்களுக்கும் போட்டேன். பதினாலு பேரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்பதால் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஓடி முடித்த பிறகுதான் அந்த முகங்கள் வந்தன. மொத்தம் ஏழு தடவை ஓடினேன்.

பதினாலு பேருக்கும் முழு நாள் போட்டுவிடுகிறேன் என்று மேனேஜர் சொன்னார். வீடியோ பார்த்ததில் அவருக்கு ஒரு வருத்தம் மட்டும் இருந்தது. ஆலைக்குள் இந்த மாதிரி தீப்பிடித்தால் அணைக்க நிற்கவே கூடாது, கதவைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், அதற்குத்தான் அறைக்கு அறை அத்தனை கதவு வைத்திருக்கிறோம், இவர்கள் வெளியே தைரியம் பழகிக்கொண்டு உள்ளேயும் நின்றுவிடப் போகிறார்கள் என்றார். சொல்லும்போது சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வந்து முழு நாள் வந்துவிட்டது என்று சொன்னார். பிறகு, எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நாங்கள்தான் இன்னும் பார்க்கவில்லை என்றார். அவர்கள் வைத்திருப்பதெல்லாம் பட்டன் போன். காற்று மிஷினுக்கு அப்பால் சாலை ஓரத்துக்குப் போய் நின்றோம். பதினாலு தலையும் என் போனுக்கு மேல் கவிந்தன. அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்தே விட்டாள். அக்கா மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுனது தப்பில்லைண்ணாச்சி" என்றார். "எங்க ஆலையில மொதத் தடவை வெடிச்சப்ப நானும் ஓடுனேன். கால்ல முள்ளு தைச்சது வீட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சுச்சு. ஓடுனதாலதான் இப்ப இங்கன நிக்கேன். ஆனா பக்கத்துல இருக்கவகளையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடணும்."

வேன் கிளம்பிய பிறகு, தனியாக நின்று அந்த ஆறு விநாடியை இன்னொரு தடவை பார்த்தேன். அத்தனை தடவை ஓட விட்டும் நான் என்னை மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போதுதான் தெரிந்தது. தீக்கு இரண்டு அடி தள்ளிப் பம்பு பெண் நிற்கிறாள். நான் அவளை உரசிக்கொண்டு, அவள் தோளைக் கையால் ஒதுக்கிவிட்டு ஓடுகிறேன்.

அவளிடம் போய், அன்றைக்கு உன்னை விட்டுவிட்டு ஓடிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேன். அவள் குழாயைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப யோசித்த மாதிரி தெரியவில்லை.

"நல்லதுக்குத்தாண்ணே ஓடுனீக. நீங்க நின்னிருந்தா அந்த சிலிண்டர்ல எழுதியிருக்கறதை முழுக்கப் படிச்சு, அதுல எத்தனை பிழை இருக்குன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் குடுத்திருப்பீக."

ஒரு லாரி வந்து டீசலுக்கு நின்றது. அவள் இரும்புக் கம்பத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். நான் ஆபீசுக்குள் போய்ச் சிலிண்டரை எடுத்துப் பார்த்தேன். உண்மையில் இரண்டு பிழை இருந்தது.